இரண்டாவது நாய் எந்த இனம்?

நுழையுமுன்

ஒரு பொருளைப் பற்றித் தம் கருத்தை எடுத்துரைத்து, அதற்குரிய காரணங்களையும் முறையாகக் காட்டுவது கருத்துரைக் கட்டுரை. படிப்பவர் அக்கருத்தை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால், காரணங்களை எடைபோட்டுப் பார்த்த பின்னரே எம்முடிவுக்கும் வருதல் வேண்டும். நாக்பூரில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர், தம் மாணவி கேட்ட வினாவிற்கு எழுதிய விடை இங்குப் பாடமாக அமைகிறது.



கோடை விடுமுறைக்குச் சில நாள்கள் முன்பு, தமிழ் வகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். "ஐயா, எங்கள் வீட்டில் இன்னொரு நாய் வளர்க்கப் போகிறோம். எந்த இனத்து நாயை வாங்கலாம்?" என்று கேட்டாள்.

அவள் தந்தையார் இரயில்வேயில் பணிபுரிகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரயில்வே குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், இரண்டு அறைகள் கொண்ட வீடு அவர்களுடையது. அவ்வீட்டில் ஏற்கெனவே மணி என்றொரு நாய் உண்டு. வெள்ளை மயிர் அடர்ந்த, சிறிய உருவமுடைய ஸ்பிட்ஸ் இனத்து நாய், வயது எட்டு.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விருப்பம். அண்ணனுக்கு நீலக் கண்களையுடைய ஹஸ்கி வேண்டும். அம்மாவுக்கு மடியில் அடங்கும் பக் இனத்து நாய் வேண்டும். அப்பாவுக்கோ சிப்பிப்பாறைதான் வேண்டும். "நம் ஊர் நாய் நம் வீட்டில் இருக்கட்டும். பார்ப்பவரெல்லாம் இது எந்த ஊர் நாய் என்று கேட்கட்டும்" என்பது அவர் வாதம்.

"உனக்கு எந்த நாய் வேண்டும்?" என்று கேட்டேன்.

"எந்த நாயாக இருந்தாலும் சரி, ஐயா. நாங்கள் பள்ளிக்கு வந்துவிட்டால் மணி கதவருகிலேயே படுத்துக் கிடக்கிறது. அதற்கு ஒரு துணை வேண்டும்" என்றாள்.

அன்று நான் உடனே விடை கூறவில்லை. நானும் விருதுநகர் மாவட்டத்துக்காரன். சிறுவயதில் வயல்வரப்பில் சிப்பிப்பாறை நாய்கள் முயலைத் துரத்திச் செல்வதைக் கண்டவன். ஆதலால், அவள் தந்தையாரின் ஆசை எனக்கு நன்கு விளங்கியது. ஆயினும், எண்ணிப் பார்த்தபின் நான் அடைந்த முடிவு அவருக்கு உவப்பானதாக இராது.

என் கருத்து இதுதான்: இரண்டாவது நாயைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தின் பெயரிலிருந்து தொடங்குதல் கூடாது. வீட்டில் முன்பே இருக்கும் நாய், நாம் வாழும் வீடு, இனி வரப்போகும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிய மூன்றிலிருந்தே தொடங்க வேண்டும். இம்மூன்றையும் கேட்டபின், இனத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

முதல் நாயின் உரிமை

முதல் நாய்க்காக இரண்டாவது நாய் என்று சொல்கிறோம். அப்படியானால், அந்த முதல் நாய்க்கு எது பொருந்தும் என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

மணிக்கு எட்டு வயது. அது நாயின் வாழ்வில் முதுமை தொடங்கும் பருவம். பகலில் பெரும்பொழுது உறங்கவும், மாலையில் மெல்ல நடக்கவும் விரும்பும் வயது. அதன்முன் ஓயாது துள்ளும் குட்டியொன்றைக் கொண்டுவந்து விட்டால், அது காதைக் கடிக்கும், வாலை இழுக்கும், உணவுத் தட்டில் தலையை நுழைக்கும். சில முதிய நாய்கள் இதனால் உற்சாகம் பெறுவதும் உண்டு. வேறு சில, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அல்லது சீறிக் கடிக்கும். மணி எத்தகையது என்பதை இனநூல் கூறாது. மணியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நண்பர் வீட்டு நாயோடு சில நாள் பொது இடத்தில் சேர்ந்து நடக்கவிட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்து, உருவ அளவு. பெரிய இனத்துக் குட்டி, ஆறு மாதத்திற்குள் மணியைவிடப் பன்மடங்கு எடை கூடிவிடும். அது பகையால் அன்றி விளையாட்டாக மோதினாலும் காயம் படுவது மணிக்கே. மேலும், சிப்பிப்பாறை, கன்னி முதலியன கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை இனங்கள். சிறிய, வெள்ளையான, வேகமாக ஓடும் ஒன்றைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். ஒன்றாக வளர்ந்தால் பெரும்பாலும் பழகிவிடும் என்பது உண்மையே. ஆனால், 'பெரும்பாலும்' என்னும் சொல்லை நம்பி மணியைத் தனியே விட்டுச் செல்ல இயலுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாலும் கருதத்தக்கது. ஆணும் பெண்ணுமாக இருப்பின் பொதுவாகச் சண்டை குறைவு. ஆனால், கருத்தடை அறுவை செய்யாவிட்டால் குட்டிகள் பிறக்கும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள்களே. இரண்டு நாய்களுக்கு இடமில்லாத வீட்டில் ஆறு நாய்களுக்கு இடமேது?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கூறுவேன். கதவருகே படுத்திருக்கும் நாய், இன்னொரு நாய்க்காகத்தான் காத்திருக்கிறது என்று நாம் எப்படி உறுதி கொள்வது? அது உங்களுக்காகக் காத்திருக்கலாம். உங்களுடைய நேரத்திற்கு ஈடாக இன்னொரு நாயைத் தருவது துணை ஆகாது; காத்திருப்போர் எண்ணிக்கை இரண்டாகும், அவ்வளவே.

வெயிலும் வீடும்

இரண்டாவதாக வீட்டையும் ஊரையும் பார்ப்போம். நாக்பூரின் மே மாத வெயிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்களில் மணியே சமையலறைத் தரையைவிட்டு எழுவதில்லை.

மனிதர்க்கு உடல் முழுவதும் வியர்க்கும். காற்றுப் பட்டால் குளிரும். நாய்க்கு வியர்வை பாதங்களின் அடியில் மட்டுமே உண்டு. வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. இதை மனத்திற்கொண்டு அண்ணன் கேட்ட ஹஸ்கியையும் அம்மா கேட்ட பக்கையும் பார்க்க வேண்டும்.

ஹஸ்கி, சைபீரியப் பனிவெளியில் சறுக்குவண்டி இழுப்பதற்காக உருவான இனம். அதன் உடலில் மயிர் இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. பனியில் அது போர்வை. நாக்பூரில் அது சுமை. இரவும் பகலும் குளிர்சாதன அறையிலேயே அடைத்து வைத்தால் உயிர் வாழும். ஆனால், ஓடுவதற்கென்றே பிறந்த விலங்கை அறைக்குள் அடைத்து வைத்துவிட்டு, அதன் கண்ணழகை வியப்பது எந்த வகையில் அன்பாகும்?

பக், சீனாவில் தோன்றிய பழமையான இனம். 2003ஆம் ஆண்டளவில் கைப்பேசி விளம்பரம் ஒன்றில் சிறுவன் பின்னே ஓடிவந்த பக் நாயைக் கண்டபின், நம் நாட்டில் பலரும் அதை விரும்பி வாங்கத் தொடங்கினர். தட்டையான முகம் அழகென்று கருதி, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மூக்குக் குறுகிய நாய்களையே தேர்ந்து இணைசேர்த்தனர். அதன் விளைவாக மூச்சுவழி நெருக்கமாயிற்று. மூச்சிரைப்பதால் மட்டுமே குளிரக்கூடிய விலங்குக்கு மூச்சே சிக்கலானால் கோடையில் என்னாகும்? பக் விடும் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அது பெரும்பாலும் மூச்சுக்குப் படும் பாடு.

ஊர்ப்பெருமை

இனி, தந்தையாரின் விருப்பத்திற்கு வருவோம். இதில்தான் எனக்கும் மனப்போராட்டம்.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாயினங்கள். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவை தத்தம் ஊர்ப்பெயரையே தாங்கி நிற்பவை. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது இராசபாளையம். சிறந்த காவல் நாய். ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் உடையன சிப்பிப்பாறையும் கன்னியும்; வேகத்திற்குப் பெயர் பெற்றவை. செம்பழுப்பு உடலும் கரிய வாயும் உடையது கோம்பை. அஞ்சா நெஞ்சம் கொண்டது. வெளிநாட்டு இனங்களின் மோகத்தால் இவை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அண்மை ஆண்டுகளில் மீண்டும் மதிப்புப் பெற்று வருகின்றன. இது மகிழத்தக்கதே.

வெளியூரில் வாழும் நமக்கு ஊர் என்பது ஒரு தீராத ஏக்கம். ஊரிலிருந்து திரும்பும்போது அப்பளமும் வடகமும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறோம். வாசலில் கோலமிடுகிறோம். பொங்கல் நாளில் அடுக்குமாடி மாடத்தில் கரும்பு கட்டுகிறோம். அவ்வாறே ஊர் நாயையும் கொண்டுவர எண்ணுவது இயல்பு. ஆனால், அப்பளத்திற்குப் பெட்டி போதும். சிப்பிப்பாறைக்கு வெளி வேண்டும். கரிசல் காட்டில் முயலின் பின்னே பறந்த நாயினத்தை இரண்டாம் தளத்து அறையில் அடைத்து, காலையும் மாலையும் கால்மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்தினால், ஓடித் தீர வேண்டிய ஆற்றல் வேறு வழி தேடும். செருப்பைக் கிழிக்கும், கதவைப் பிராண்டும், இரவெல்லாம் குரைக்கும். பிறகு, 'இந்த இனமே முரட்டு இனம்' என்று நாமே பழி கூறுவோம். பெருமைக்காகக் கொண்டுவந்த நாய்க்கு இப்படி நாமே இழிவு தேடித்தருவோம்.

பெருமையே அளவுகோலாகும்போது நாய்க்கு நேரும் தீங்கிற்கு இன்னொரு சான்றும் உண்டு. முழு வெண்மையுடைய நாய்களில் சில, பிறவியிலேயே காது கேளாதனவாக இருக்கும். இராசபாளையம் இனத்திலும் இக்குறை காணப்படுகிறது. வெண்மையை மட்டுமே பார்த்து வாங்குபவர்க்கு அக்குட்டி கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

"அப்படியானால் நம் இனங்களை எவருமே வளர்க்கக் கூடாதா? வளர்ப்பவர் இல்லையென்றால் அவை அழிந்துவிடாவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுற்றுச்சுவருடன் கூடிய வீடு, நாள்தோறும் உடன் ஓடக்கூடிய ஆள், துரத்தப்படும் அளவுக்குச் சிறிய நாய் இல்லாத சூழல் ஆகியவை உடையவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் தாராளமாக வளர்க்கட்டும். அத்தகையோர் பெருகினால் இனமும் பிழைக்கும். ஓர் இனத்தைக் காப்பது என்பது, அதன் இயல்பையும் சேர்த்துக் காப்பது. ஆளுக்கொன்றைச் சங்கிலியில் கட்டி வைப்பது காப்பு ஆகாது.

இடமாற்ற ஆணை

மூன்றாவது, இனி வரும் ஆண்டுகள். நம்மில் பலருடைய பெற்றோர் இரயில்வேயிலும் படைத்துறையிலும் நடுவண் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிபவர்கள். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்ற ஆணை வரும். அன்று நாயும் உடன் வர வேண்டும்.

இரயிலில் நாயை அழைத்துச் செல்ல வேண்டுமெனில், முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல், கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள கூண்டில்தான் அனுப்ப வேண்டும். நாக்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு ஒரு நாயைக் கொண்டுசெல்வதே அரிது. இரண்டு நாய்கள் என்றால்?

முன்பு நான் பணியாற்றிய ஊரில் ஒரு குடும்பம் இடமாற்றம் பெற்றுச் சென்றது. அவர்கள் வளர்த்த பெரிய நாய் உடன் செல்லவில்லை. மூடிய வீட்டின் வாசலில் அது படுத்துக் கிடந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்டியபோது எதிர்ப்பக்கம் போய் நின்று, மீண்டும் அதே வாசலுக்கு வந்தது. தட்டில் வைத்த சோற்றையே உண்டு பழகிய நாய்க்குத் தெருவில் உணவு தேடத் தெரியவில்லை. நான் சில நாள் தயிர்ச்சோறு வைத்தேன். பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது அங்கு இல்லை. எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. விட்டுச் சென்றவர்களை மட்டும் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. நானும் விட்டுவிட்டுத்தானே போனேன்?

நாயின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள். இப்போது உங்களுக்கு வயது பதின்மூன்று. இன்று வரும் குட்டி முதுமையடையும்போது நீங்கள் கல்லூரியை முடித்து வேலைக்குச் சென்றிருப்பீர்கள். அப்போது அதை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார்? 'நான்தான் பார்த்துக்கொள்வேன்' என்று இன்று சொல்வது எளிது. அம்மாவையும் அப்பாவையும் கேட்டு, அவர்கள் மனமார ஒப்புக்கொண்டால் மட்டுமே இரண்டாவது நாய் வரட்டும்.

என் தேர்வு

"குறை கூறிக்கொண்டே போகிறீர்களே, எதைத்தான் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்பீர்கள். மணி வாழும் வீட்டிற்கு என் தேர்வு நாட்டு நாய்தான். அதாவது, நாக்பூர்த் தெருவிலேயே பிறந்து, விலங்குநல அமைப்பு ஒன்றின் பாதுகாப்பில் வளர்ந்துவரும், இரண்டு மூன்று வயதுடைய, அமைதியான, கருத்தடை செய்யப்பட்ட ஒரு நாய்.

காரணங்கள் மூன்று. குட்டியின் குணம் இனிமேல்தான் தெரியவரும். வளர்ந்த நாயின் குணத்தை இன்றே காணலாம். மணியோடு பொது இடத்தில் சந்திக்க வைத்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் முடிவு செய்யலாம். இரண்டாவதாக, நடுத்தர உடலும் குட்டை மயிரும் உடைய நாட்டு நாய்க்கு இவ்வூர் வெயில் பழகிய வெயில். மூன்றாவதாக, அழகுக்காக நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கப்படாமையால், மரபுவழி நோய்கள் அவற்றிடம் பொதுவாகக் குறைவு.

நாட்டு நாய்க்குக் கவனிப்பே வேண்டா என்று எண்ணிவிடாதீர்கள். ரேபிஸ் தடுப்பூசி அதற்கும் வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியும் வேண்டும். வீட்டிற்குள் விடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தெருவில் அடிபட்ட நாய், கைகளைக் கண்டே அஞ்சக்கூடும். அதன் அச்சம் தணியப் பொறுமை வேண்டும். முதல் சில வாரங்கள் இரண்டுக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனிப் படுக்கை, மணிக்கே முதலில் உணவு என்னும் ஒழுங்கும் வேண்டும்.

இல்லை, குட்டியைத்தான் வாங்குவோம் என்பீர்களாயின், 2017ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த விதிகளை நினைவிற்கொள்ளுங்கள். எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்றல் கூடாது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டியை வாங்காதீர்கள்.

இன்னொரு தேர்வும் உண்டு. அது, இரண்டாவது நாய் இப்போது வேண்டா என்பது. அதுவும் ஒரு தேர்வே. சில வீடுகளுக்கு அதுவே சிறந்த தேர்வு.

நண்பராகக் கொள்ளத்தக்கவர் நாயைப் போன்றவரே என்று நாலடியார் கூறுகிறது. நாய் நமக்கு எத்தகைய நண்பன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நாம் அதற்கு எத்தகைய நண்பர் என்பதே கேள்வி.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அம்மாணவியிடம் இவற்றையெல்லாம் கூறினேன். அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தந்தையார் சிப்பிப்பாறையை விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் மட்டும் ஹஸ்கியை மறந்துவிட்டான். அவளோ, மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக மணியுடன் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். "இப்போது கதவருகே அவ்வளவு நேரம் படுப்பதில்லை, ஐயா" என்றாள்.

தெரிந்து கொள்வோம்

இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவை: இராசபாளையம், கருநாடகத்தின் முதோல், உத்தரப்பிரதேசத்தின் இராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய். பழந்தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பெயர்களும் உண்டு.

சொல்லும் பொருளும்

உவப்பு – மகிழ்ச்சி
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
மோகம் – அளவு கடந்த விருப்பம்
கரிசல் காடு – கரிய மண் நிலம்
இழிவு – மதிப்புக் குறைவு
நடுவண் அரசு – மத்திய அரசு

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. இரண்டாவது நாயைத் தேர்ந்தெடுக்குமுன் கருத வேண்டியவையாக ஆசிரியர் கூறும் மூன்று எவை?
2. நாய் தன் உடல் வெப்பத்தை எவ்வாறு தணித்துக்கொள்கிறது?

ஆ. விரிவாக விடையளிக்க.
1. தந்தையாரின் விருப்பத்தை ஆசிரியர் எக்காரணங்களால் மறுக்கிறார்? எந்நிலையில் அதை ஏற்கிறார்?
2. 'நானும் விட்டுவிட்டுத்தானே போனேன்?' என்று ஆசிரியர் கூறுவதன் கருத்தை விளக்குக.

இ. மொழிப்பயிற்சி
'பனியில் அது போர்வை. நாக்பூரில் அது சுமை.' இத்தொடரைப் போன்று, இடத்திற்கேற்பப் பயன் மாறும் பொருள்களைக் கொண்டு இரண்டு தொடர்கள் எழுதுக.

ஈ. சிந்தனை வினா
அம்மாணவியின் தந்தையார் நீங்களாக இருந்தால், ஆசிரியருக்கு என்ன மறுமொழி எழுதுவீர்கள்? உங்கள் கருத்தைத் தக்க காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.